அண்ணியின் மூக்குத் துணி

அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் அவளை எல்லாருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒரே ஒருத்திதான், அவள் புருஷனின் தங்கை. கிருமித் தடுப்பு நர்ஸாக அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த நாத்தனார் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணி, என் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வந்துட்டீங்க!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தித் தொலைத்தாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மயக்க மருந்து டாக்டர் அண்ணி என்றார். அதற்கடுத்த நாள், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த பெரிய டாக்டரே, "அண்ணி, அந்த லைட்டைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் அவர் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குகிற ஆள் இல்லை.

அண்ணியின் வேலை தியேட்டரில் கையுறை போடாத வேலை. மேஜையைச் சுற்றி நிற்கும் பெரிய டாக்டர், சின்ன டாக்டர், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் கத்திரி சிஸ்டர் ஆகிய மூவரும் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கையுறை மாட்டி, கைகளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்பார்கள். கொதிக்க வைத்துக் கிருமி போக்கின சாமானைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர்கள் தொடக்கூடாது. போன் அடித்தால் அண்ணி. கண்ணாடி நழுவினால் அண்ணி. வேர்வை வழிந்தால் அண்ணி. அந்த அறையில் யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த வேலையை அவள் உயிராக நினைத்திருந்தாள். வீட்டில் புருஷன் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வதுண்டு. "எனக்குத் தண்ணி வேணும்னு நாலு தடவை கத்தணும். அந்த டாக்டருக்குக் கண்ணை உருட்டினாலே போதும்" என்பான்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மண் விழுந்தது.

முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. உயிருக்கு ஆபத்தில்லை, மருந்து கொடுத்தால் சரியாகிவிட்டது. ஆனால் பாவம், நடந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கட்டிலிலேயே கிடந்தார்கள். சீழைச் சோதித்துப் பார்த்த நாத்தனார், பஞ்சு சுற்றிய குச்சிகளை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு வந்து நின்றாள்.

"எல்லாரும் வரிசையா வாங்க. தலையைப் பின்னால சாய்ங்க. மூக்குக்குள்ள ஒரே ஒரு சுத்துதான்."

"மூக்குலயா?" என்றார் பெரிய டாக்டர்.

"ஆமா டாக்டர். இந்தக் கிருமி நிறையப் பேர் மூக்குல வாடகை குடுக்காமக் குடியிருக்கும். மூக்குல இருக்கற வரைக்கும் பரம சாது. காயத்துல எறங்கினாத்தான் அதோட குணத்தைக் காட்டும்."

"என் மூக்குல கிருமியா? அதுக்கு அவ்வளவு தைரியமா?" என்றார் அவர். அவருக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். மூக்கும் அதைத் தாங்குகிற அளவுக்குப் பெரியது. இருந்தாலும் தலையைச் சாய்த்தார். குச்சி உள்ளே போனதும் அவர் போட்ட தும்மலில் தட்டு ஆடிப்போனது.

கிருமி இருந்தது. அவர் மூக்கில் இருந்தது, சின்ன டாக்டர் மூக்கில் இருந்தது, கத்திரி சிஸ்டர் மூக்கில் இருந்தது. அண்ணி மூக்கிலும் இருந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள், அண்ணிக்குத்தான் மானம் போயிற்று. கை கழுவுவதற்கு முன் குழாயைக் கழுவுகிறவள் அவள்.

வைத்தியம் சுலபம்தான். ஒரு சின்ன டியூபில் ஆன்டிபயாட்டிக் களிம்பு. தீக்குச்சித் தலை அளவு எடுத்து, காலையும் மாலையும் இரண்டு மூக்குத் துவாரத்திலும் தடவி, மூக்கை வெளியிலிருந்து பிடித்துப் பிடித்து விட வேண்டும். அந்த வாரம் முழுக்கத் தியேட்டரில் ஆளாளுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். நிறைய வைத்தால் சீக்கிரம் போய்விடும் என்று சின்ன டாக்டர் அரை டியூபைப் பிதுக்கி ஏற்றிக்கொண்டு நாள் பூராவும் வழியவிட்டுத் திரிந்தான். பெரிய டாக்டருக்கு அவர் மனைவிதான் தடவிவிட்டாராம், குழந்தைக்கு மருந்து போடுவது மாதிரி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. இதை வெளியே சொன்னது யார் என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பச் சோதித்தபோது ஒரு மூக்கிலும் கிருமி இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நாத்தனார் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் போனது, இன்னொரு முழங்கால் சீழ் வைத்தது. குச்சியை விட்டுப் பார்த்தால் அதே நாலு மூக்கில் அதே கிருமி. மறுபடி களிம்பு, மறுபடி சுத்தம். மறுபடி ஒரு முழங்கால். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியின் சூப்பரிண்டெண்ட் அம்மா நாலு பேரையும் நாத்தனாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு விட்டார்.

"களிம்பு வேலை செய்யுது. ஆனா யாரோ ஒருத்தர் திரும்பத் திரும்பக் கொண்டு வந்து எல்லாருக்கும் குடுக்கறாங்க" என்றார். "அது யார்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா அந்த ஆள் தியேட்டர்ல இருக்க முடியாது. டோக்கன் கவுண்டருக்கு மாத்திடுவேன்."

சொல்லும்போது அவர் பார்வை அண்ணி மேலேயே இருந்தது. இருக்காதா? உள்ளேயும் வெளியேயும் போய் வருகிறவள் அவள். எல்லாவற்றையும் தொடுகிறவள் அவள். டோக்கன் கவுண்டர் என்பது வாசலில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நம்பர் கிழித்துக் கொடுக்கிற இடம். அண்ணி அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டில் நாத்தனார் சும்மா இருந்தாளா? சாப்பிட உட்கார்ந்த அண்ணனின் தலையைப் பின்னால் தள்ளி மூக்கில் குச்சியை விட்டாள்.

"ஏய், சோத்துல கை வெச்சவன் மூக்குலயா?"

"அண்ணி எங்கேயிருந்து கொண்டு வராங்கன்னு பாக்கணும்ல? வீட்டுலதான் யாருக்காவது இருக்கணும்."

"அப்போ நான்தான் கொண்டு வரேன்னு நீயே முடிவு பண்ணிட்ட" என்றாள் அண்ணி.

"நான் அப்படிச் சொல்லல அண்ணி."

"சொல்லாமச் சொல்ற. தியேட்டர்ல மூக்கை நுழைச்சது போதாதுன்னு சமையல்கட்டுக்கும் வந்தாச்சு."

"நுழைக்கறது குச்சியை. மூக்கு எல்லாம் உங்க ஆளுங்களோடது" என்றாள் நாத்தனார். அவளுக்கும் வாய் சளைத்ததல்ல.

புருஷன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளி அறைக்குப் போய்விட்டான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் கற்றுக்கொண்ட ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அவன் மூக்கு சுத்தம் என்று பிறகு லேப் சொல்லியது. கடைசியில் அண்ணிக்கு அதுவும் ஒரு எரிச்சலாகிப்போனது.

அதற்கப்புறம் நாத்தனார் தியேட்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். மாஸ்க், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். யார் எந்தக் கைப்பிடியைத் தொடுகிறார்கள், யார் மாஸ்க் இறங்குகிறது, யார் எங்கே தும்முகிறார்கள் என்று பார்த்தாள். ஒரு தப்பும் அகப்படவில்லை. மாமியார் வந்திருக்கிற வீடு மாதிரி அத்தனை பேரும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

பெரிய டாக்டருக்கு மட்டும் என்னவோ ஆகியிருந்தது. ஆபரேஷனுக்கு நடுவில் முகத்தை அஷ்டகோணலாக வைத்துக்கொண்டார். மாஸ்க்குக்குள் உதட்டைக் குவித்து மேல்நோக்கி ஊதினார். புருவத்தை ஏற்றினார், இறக்கினார். சின்ன டாக்டர் ஒரு நூலைக் கொஞ்சம் நீளமாக வெட்டியதற்கு அவனைப் பெற்றவர்கள் வரைக்கும் விசாரித்தார். கண்ணில் தண்ணீர் வேறு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தியேட்டரில் ஒருத்தருக்கும் இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை, அதனால்தான் இத்தனை நாள் நாத்தனாருக்கும் தெரியாமல் போயிற்று. கையைக் கழுவி, கையுறை மாட்டின மறு நிமிஷமே மனுஷனுக்கு மூக்கு அரிக்கும். அது என்ன சாபமோ தெரியாது, அரிக்கும். சொந்தக் கையால் சொறிந்துகொள்ள முடியாது. அப்போது அண்ணியைப் பார்த்து மூக்கை நீட்டுவார்கள். அவள் வந்து மாஸ்க்கின் மேல் விளிம்பைத் தூக்கி, சொறிந்துவிட்டுப் போவாள். முன்னெல்லாம் காயத்துக்கு வைத்துக் கட்டுகிற காஸ் துணியால்தான் செய்தாள். "என்னங்க இது, உப்புத்தாளால தேய்க்கற மாதிரி இருக்கு" என்று பெரிய டாக்டர் சிடுசிடுத்தார். அதனால் அவள் வீட்டிலிருந்து ஒரு பழைய பருத்தித் துணியைக் கிழித்து, சதுரமாக மடித்து, ஓரம் தைத்துக் கொண்டுவந்தாள். பூப்போல இருந்தது. அது அவள் பாக்கெட்டில் இருக்கும், சாயந்திரம் லாக்கரில் தொங்கும், நினைவு வந்தபோது சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குவாள். பெரிய டாக்டருக்கும் அதுதான், சின்ன டாக்டருக்கும் அதுதான், கத்திரி சிஸ்டருக்கும் அதுதான். தனக்கு அரித்தாலும் அதுதான்.

ஊசி நுனியில் தூசி பட்டதா என்று சண்டை போடுகிறவர்கள் அத்தனை பேரும். ஆனால் தியேட்டரில் இரண்டு வகை சாமான்தான் உண்டு, கிருமி போக்கினது ஒன்று, போக்காதது ஒன்று. இந்தத் துணி இரண்டு கணக்கிலும் சேரவில்லை. அது அண்ணியின் கை மாதிரி, அவ்வளவுதான்.

மூலையில் ஒருத்தி உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய மனிதர் எப்படிப் போய் மூக்கைச் சொறியச் சொல்லிக் கேட்பார்? கௌரவம் தடுத்தது. ஒரு நாள் தாங்கினார். அடுத்த நாளும் பல்லைக் கடித்தார். அதற்கு அடுத்த நாள், நீளமான ஒரு ஆபரேஷனின் நடுவில், மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி!" என்று அலறினார்.

அண்ணி ஓடிவந்தாள். பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்தாள். எங்கே என்று கேட்கவில்லை. மாஸ்க்கைத் தூக்கி, இடது பக்கம், மூக்குத் தண்டுக்குக் கீழே, நாலு இழுப்பு. பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"அண்ணி, எனக்கும்" என்றாள் கத்திரி சிஸ்டர். அவளும் எத்தனை நாளாக அடக்கிக்கொண்டிருந்தாளோ. அதே துணி. சின்ன டாக்டர் வாயைத் திறக்கவில்லை, மூக்கை மட்டும் நீட்டினான். அதே துணி.

மூலையில் ஸ்டூல் நகர்ந்தது. நாத்தனார் எழுந்து வந்தாள். வழக்கமான கிண்டல் எதுவும் அவள் குரலில் இல்லை.

"அண்ணி, அந்தத் துணியைக் குடுங்க."

"எதுக்கு?" என்று கேட்டாள் அண்ணி. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. நாத்தனார் திறந்து நீட்டிய கிருமி போக்கின பாட்டிலுக்குள் துணியைப் போட்டாள். 

மூக்கையெல்லாம் சுத்தம் செய்தார்கள், துணியை விட்டுவிட்டார்கள். அந்தக் கிருமி துணியிலேயே வாரக்கணக்கில் காய்ந்து கிடந்து, களிம்பு முடியும் வரை காத்திருந்து, மூக்கு மூக்காகத் திரும்பக் குடியேறியிருந்தது. லேப்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

அன்று மாலை வீட்டில் அண்ணி அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. நாத்தனார் வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"நாளைக்கு மேடம்கிட்ட, தியேட்டர்ல ஒரு துணி கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லிடறேன். யார் பாக்கெட்டுன்னு சொல்ல வேண்டியதில்ல."

"ஏன், என் பாக்கெட்டுன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா?"

"சொன்னா உங்களை டோக்கன் கவுண்டருக்கு அனுப்பிடுவாங்க அண்ணி!"

"சொல்லலேன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொய் சொன்ன கிருமி நர்ஸை எவ நம்புவா? இப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்க, அறிவு வேணாம்?"

"எனக்கு அறிவு இல்லைன்னே வெச்சுக்குங்க. உங்களுக்கு அந்தத் தியேட்டர் இல்லாம இருக்க முடியுமா?"

"முடியாதுடி!" என்று கத்தினாள் அண்ணி. "முடியாது. ஆனா அந்த முழங்கால் ஆளுங்க எல்லாம் என்னாலதானே கட்டில்ல கெடந்தாங்க? நான் தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா நான்தானே செஞ்சேன்? அதை மூடி மறைச்சுட்டு அங்கேயே போய் எப்படி நிப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். நாத்தனாரும் அழுதாள். அழுதுகொண்டே இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள், நீ தப்பித்துக்கொள் என்று இவளும், நீங்கள் தப்பித்துக்கொள்ளுங்கள் என்று அவளும். புருஷன் வந்து எட்டிப் பார்த்தான். காப்பாற்றுவதற்காகக் கூட இவர்களுக்குச் சண்டைதான் போடத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். கடையில் சாப்பாடு வாங்கப் போய்விட்டான்.

மறுநாள் சூப்பரிண்டெண்ட் அம்மாவின் அறையில், நாலு பேரையும் உட்கார வைத்துக்கொண்டு கேட்டபோது, நாத்தனார் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மேஜை மேல் பாட்டிலுக்குள் அந்தத் துணி இருந்தது. ஓரத் தையல்கூடத் தெரிந்தது. அண்ணி, "என் பாக்கெட்டுல இருந்ததுதாம்மா" என்றாள்.

"வீட்டுத் துணியைத் தியேட்டருக்குள்ள கொண்டு வந்து மூக்கைத் துடைச்சு விட்டீங்களா? யாரு கேட்டா?"

அண்ணி பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டவர்கள் சொல்லட்டும் என்று இருந்தாள்.

"டாக்டர், நீங்க கேட்டீங்களா?" என்றார் சூப்பரிண்டெண்ட் அம்மா.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா கல்லூரியில் அவருக்கு ஜூனியர். ஊரே பெயரெடுத்துச் சொல்லும் டாக்டர், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் மூக்கைச் சொறியச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவது?

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

அண்ணிக்குச் சுருக்கென்றது. சின்ன டாக்டரைப் பார்த்தாள். அவன் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு, "எனக்கும்..." என்று இழுத்தான். கத்திரி சிஸ்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் இந்த மூக்குகளுக்கெல்லாம் உழைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அண்ணிக்கு மனசு விட்டுப்போனது. டோக்கன் கவுண்டர் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை.

"அப்போ அவங்களாவே பண்ணியிருக்காங்க" என்றார் சூப்பரிண்டெண்ட் அம்மா. "சரி, அப்படின்னா..."

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் நாத்தனார். "அந்த மூலையில உக்காந்து நான் பாத்ததையும் சொல்லிடறேன். முதல்ல சின்னதாத்தான் ஆரம்பிக்கும் மேடம். மூக்கு நுனியில ஒத்தை முடி உரசற மாதிரி. இருக்கா இல்லையான்னே தெரியாது."

"அதனால?"

"அப்புறம் அது மெதுவா ஊரும். மாஸ்க்குக்குள்ள மூச்சு சூடா சுத்திச் சுத்தி வரும். தண்டுலேர்ந்து ஒரு சொட்டு வேர்வை, நேரா எறங்காது, நின்னு நின்னு எறங்கும். வந்து ஓரத்துல நிக்கும். விழாது. அங்கேயே நிக்கும். கடிக்கும். குறுகுறுங்கும். கையைத் தூக்கக்கூடாது. தூக்கக்கூடாதுன்னு நினைக்க நினைக்க இன்னும் அதிகமாகும்..."

கத்திரி சிஸ்டர் முதலில் தோற்றாள். கை தானாக மூக்கு நுனிக்குப் போனது. சின்ன டாக்டர் மூக்கைத் தோளில் தேய்த்தான். சூப்பரிண்டெண்ட் அம்மாவே கண்ணாடியைச் சரிசெய்வது மாதிரி விரலால் மூக்கை ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் அசையவில்லை. நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மீசை துடித்தது. கண் நிறைந்தது. நாத்தனார் விடவில்லை. "இடது பக்கம்தான் ரொம்ப மோசம். தண்டுக்குக் கீழே, அந்தப் பள்ளத்துல" என்றாள்.

எத்தனையோ வருஷப் பழக்கம் எங்கே போகும்? அவர் கை மேலே எழவில்லை. கைகள் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணியின் பக்கம் தலையைத் திருப்பி, மூக்கை நீட்டினார்.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு அந்தரத்தில் நீட்டியது நீட்டியபடி நின்றது.  சூப்பரிண்டெண்ட் அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு பொத்திப் பிரயோஜனமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய டாக்டர் கண்ணைத் திறந்தபோது காரியம் கெட்டுப்போயிருந்தது.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. நாலு பேருக்கும் களிம்பு இன்னொரு முறை. துணியை எரித்துவிட வேண்டும். இனி கிருமி போக்கின காஸ்தான், ஒரு மூக்குக்கு ஒன்று, ஒரு தடவையோடு குப்பைத்தொட்டி. "தப்பு இந்த அம்மாவோடது மட்டுமில்ல, உங்க நாலு பேரோடதும்" என்றார் சூப்பரிண்டெண்ட் அம்மா. "மாத்தறதா இருந்தா நாலு பேரையும்தான் டோக்கன் கவுண்டருக்கு மாத்தணும். அந்த ஜன்னல்ல அவ்வளவு இடம் இல்ல."

களிம்பு முடிந்து, மூக்குகள் சுத்தமென்று சொல்லி, கொஞ்ச நாள் விட்டுத் திரும்பச் சோதித்தபோதும் சுத்தமாகவே இருந்தன. அதற்குள் ஒரு முழங்காலும் சீழ் வைக்கவில்லை. அண்ணி தியேட்டரில் எப்போதும் போல லைட்டை இறக்கினாள், போனை எடுத்தாள், வேர்வையைத் துடைத்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். மூக்கு விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. பெரிய டாக்டர் ஊதியும் சுளித்தும் காலம் தள்ளினார். அண்ணி அதைப் பார்த்தும் பாராமல் இருந்தாள், மனசு அவ்வளவு புண்பட்டிருந்தது.

ஒரு நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மேல் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரம். நாத்தனார் காஸ் பொட்டலங்களை அடுக்கிவைக்க உள்ளே வந்திருந்தாள்.

"அண்ணி" என்றார் பெரிய டாக்டர், மெதுவாக.

"சொல்லுங்க டாக்டர்."

"மூக்கு."

"எந்த மூக்கு டாக்டர்? எனக்கு ஞாபகம் இல்லையே."

சின்ன டாக்டர் கையிலிருந்த நூலை நழுவவிட்டான். கத்திரி சிஸ்டர் நிமிர்ந்தாள். பெரிய டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். கைகளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்துத் திரும்பினார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணில் கௌரவம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றார். "காஸ் குத்துதுன்னு சொன்னதே நான்தான். எனக்காகத்தான் அந்தத் துணியைத் தெச்சீங்க. உங்க வேலையே போயிருக்கும், நான் வாயைத் திறக்கல. மன்னிச்சுடுங்க அண்ணி."

"நானும்தான் அண்ணி" என்றாள் கத்திரி சிஸ்டர். சின்ன டாக்டர் தலையைத் தலையை ஆட்டினான்.

அண்ணி புதுக் காஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். மாஸ்க்கைத் தூக்கி, இடது பக்கம், தண்டுக்குக் கீழே, நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் காஸைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், கண்ணிலிருந்து கரகரவென்று வழிந்தது. புறங்கையைத் தூக்கித் துடைக்கப் போனவளின் மணிக்கட்டை நாத்தனார் பிடித்து நிறுத்தினாள். இரண்டு புதுக் காஸை அவள் கையில் வைத்தாள்.

"ஒரு கண்ணுக்கு ஒண்ணு, அண்ணி" என்றாள்.